கயிறு யார் கையில் இருந்தது?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இங்கிலாந்தின் கிராமங்களில் சூனியக்காரிகள் என்று சொல்லி மனிதர்கள் கொல்லப்பட்டதற்குப் பெரிதும் காரணம் ஊராரின் அச்சமா, அரசின் சட்டமா என்பது இன்று நம் முன் வைக்கப்பட்டுள்ள தலைப்பு. அரசின் சட்டமே என்று வாதிட நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஒரு காட்சியை மிக அழகாக விவரித்தார். ஏழைக் கிழவி ஒருத்தி பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்று கொஞ்சம் பால் கேட்கிறாள். வீட்டுக்காரர் இல்லை என்கிறார். அவள் ஏதோ முணுமுணுத்தபடி திரும்பிப் போகிறாள். மறுநாள் அந்த வீட்டுக் கன்று நோயில் விழுகிறது அல்லது குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. இல்லை என்று சொன்னவரின் மனத்தில் இருந்த உறுத்தலே அவள் மீதான சந்தேகமாக உருமாறுகிறது. ஆகவே சூனிய வழக்குகள் எல்லாம் ஊருக்குள் பிறந்தவை என்றும், ஊரார் சொன்னதைச் சட்டம் வெறுமனே எழுதிக்கொண்டது என்றும் அவர் முடித்தார். அந்தக் காட்சி உண்மையானது என்பதை நான் முழு மனத்துடன் ஏற்றுக்கொள்கிறேன். எசெக்ஸ் பகுதியின் நீதிமன்ற ஏடுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. நான் மறுப்பது அவருடைய கடைசி வாக்கியத்தை மட்டுமே.

அதே காட்சியை ஒரு பெயரோடும் ஊரோடும் நானும் சொல்கிறேன். ஹெர்ட்ஃபோர்டு மாவட்டத்தில் டிரிங் என்ற சிற்றூருக்கு அருகே, 1745ஆம் ஆண்டில், ரூத் ஆஸ்பர்ன் என்ற வறிய மூதாட்டி பட்டர்ஃபீல்ட் என்பவரின் பண்ணைக்குச் சென்று மோர் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. அவள் வைதுவிட்டுப் போனாள். பின்னர் அவருடைய கன்றுகள் நோயுற்றன, அவருக்கும் வலிப்பு வந்தது, ரூத்தே காரணம் என்று அவர் நம்பினார். எதிரணித் தலைவர் வரைந்த படத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. இந்த ரூத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இரு நூற்றாண்டுகளைக் கடந்து வர வேண்டியிருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன் ஊர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் பார்ப்போம். சூனியத்தின் மீதான நம்பிக்கை 16ஆம் நூற்றாண்டில் புதிதாக முளைத்ததல்ல. மாடு கறவாமல் போனாலும், வெண்ணெய் திரளாமல் போனாலும், குழந்தை நலிந்தாலும் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று கருதுவது அந்தக் கிராமங்களின் பழைய வழக்கம். அதற்கான மாற்றுகளும் ஊரிலேயே இருந்தன. வாசற்படியில் குதிரை லாடம் அடித்தார்கள். சந்தேகத்துக்குரியவளின் கூரையிலிருந்து வைக்கோலைப் பிடுங்கி எரித்தார்கள். அவள் முகத்தைக் கீறி இரத்தம் வரவழைத்தால் மந்திரத்தின் கட்டு அறும் என்று நம்பினார்கள். குறி சொல்லிப் பரிகாரம் செய்பவர்கள் ஏறத்தாழ எல்லா வட்டாரங்களிலும் இருந்தார்கள், மக்கள் பல மைல் தூரம் நடந்து சென்று அவர்களைப் பார்த்தார்கள். இவற்றில் கொடுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. முகம் கீறப்பட்ட அந்தப் பெண்ணின் வலியை நான் சிறிதாக்க விரும்பவில்லை. ஆனால் மறுநாளும் அவள் அதே தெருவில் நடந்தாள்.

புகார் பெரிதானால் அது திருச்சபையின் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே குற்றம் சாட்டப்பட்டவள் தனக்காகச் சத்தியம் செய்ய அண்டை வீட்டாரில் சிலரை அழைத்து வரலாம். அவர்கள் அவளுடைய நேர்மைக்குச் சாட்சி சொன்னால் வழக்கு முடிந்தது. குற்றவாளி என்று முடிவானால் வெள்ளைத் துணி போர்த்தி ஆலயத்தில் சபையின் முன் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அவமானம்தான், ஆனால் அதற்குப் பின்னும் ஒரு வாழ்க்கை இருந்தது. எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1542இல், சூனியத்துக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் ஒன்று வந்தது உண்மை. அது 1547இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த 16 ஆண்டுகள் அந்த நாட்டில் சூனியத்துக்கென்று தூக்குத் தண்டனைச் சட்டமே கிடையாது. அந்த 16 ஆண்டுகளிலும் மாடுகள் இறந்தன, குழந்தைகள் நோயுற்றன, கிழவிகள் முணுமுணுத்தார்கள். ஊராரின் அச்சம் ஒன்றே போதுமான காரணம் என்றால், அந்த ஆண்டுகளில் கிராமங்கள் தோறும் பிணங்கள் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி எதுவும் நமக்குப் பதிவாகவில்லை.

1563இல் முதலாம் எலிசபெத்தின் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. சூனியத்தால் ஒருவரைக் கொன்றால் மரணம். உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு செய்தால் ஓராண்டுச் சிறையும், நான்கு முறை சந்தையில் தலையையும் கைகளையும் மரப்பலகைப் பூட்டில் மாட்டி நிறுத்தப்படுவதும். இரண்டாம் முறை பிடிபட்டால் மரணம். மூன்றே ஆண்டுகளில், 1566 ஜூலையில், எசெக்ஸின் செல்ம்ஸ்ஃபோர்டு நகரில் ஹாட்ஃபீல்ட் பெவரல் கிராமத்தைச் சேர்ந்த ஆக்னஸ் வாட்டர்ஹவுஸ் என்ற விதவை தூக்கிலிடப்பட்டார். வயது அறுபதைத் தாண்டியவர். சாத்தான் என்று பெயரிட்ட பூனை ஒன்றை அவர் வைத்திருந்ததாகவும், ஓர் அப்பம் கொடுத்து இன்னொரு பெண்ணிடமிருந்து அதைப் பெற்றதாகவும், பக்கத்து வீட்டுக்காரர்களின் பன்றிகளும் பசுவும் வாத்துகளும் அந்தப் பூனையால் இறந்ததாகவும், சூனியத்தால் ஒரு மனிதரையும் கொன்றதாகவும் வழக்கு. சாட்சி சொன்னவர்களில் ஒருத்தி 12 வயதுச் சிறுமி. அந்த விசாரணையில் கேள்வி கேட்டவர் யார் என்பதைத்தான் நான் அவையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அவர் ஊர் ஆள் அல்லர், அரசியின் தலைமை வழக்கறிஞர். அந்த ஆவியை இப்போதே எங்கள் முன் வரவழைத்துக் காட்ட முடியுமானால் உன்னை விடுவிக்கிறோம் என்று அவர் அந்த முதியவரிடம் சொன்னதாக அன்றைய துண்டு வெளியீடு பதிவு செய்திருக்கிறது. நாட்டின் உயர்ந்த சட்ட அதிகாரி, ஒரு கிராமத்துக் கிழவியிடம் பூனையை வரவழைக்கச் சொல்கிறார். ஊர்ப் பேச்சாக இருந்தது அந்தக் கணத்தில் அரசின் பேச்சாகிவிட்டது.

சட்டம் ஊரார் சொன்னதை எழுதிக்கொண்டது மட்டுமே என்றார் எதிரணித் தலைவர். எழுதிக்கொண்டது எப்படி என்று பார்க்கலாம். 1555ஆம் ஆண்டின் சட்டப்படி, பெருங்குற்ற வழக்குகளில் மாஜிஸ்திரேட் குற்றம் சாட்டப்பட்டவரையும் சாட்சிகளையும் விசாரித்து வாக்குமூலத்தை எழுத்தில் பதிந்து, மாவட்டம் மாவட்டமாகச் சென்று வழக்கு கேட்கும் அரசு நீதிபதிகளின் சுற்று நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. வசவும் வருத்தமும் மறதியும் கலந்து ஓடிக்கொண்டிருந்த ஊர்ப் பேச்சு, மாஜிஸ்திரேட்டின் மேசையில் ஒரே ஒரு கதையாக இறுகிப்போகிறது. அதற்குப் பிறகு சமாதானம் ஆகிவிட்டோம், மறந்துவிட்டோம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை.

1582இல் எசெக்ஸின் செயின்ட் ஓசித் கிராமத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். உர்சுலா கெம்ப் என்ற பெண் அங்கே நோய்க்கு மந்திரிப்பவளாகவும் குழந்தைகளுக்குச் செவிலியாகவும் இருந்தாள். கிரேஸ் தர்லோ என்பவளின் மகனுக்கு நோய் வந்தபோது உர்சுலா மந்திரித்தாள், சிறுவன் தேறினான். பிறகு கிரேஸுக்குக் குழந்தை பிறந்தபோது உர்சுலாவைச் செவிலியாக வைத்துக்கொள்ளவில்லை என்பதில் மனத்தாங்கல் வந்தது. அந்தக் குழந்தை தொட்டிலிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தது. அப்படியும் கிரேஸ் தன் மூட்டுவலிக்கு மருந்து கேட்டு மீண்டும் உர்சுலாவிடமே சென்றாள் என்பதை அவை குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு பென்ஸ் கூலி பேசப்பட்டது. வலி குறைந்தபின் கொடுக்கப் பணம் இல்லை என்று கிரேஸ் சொன்னாள். பணத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் பாலாடைக்கட்டி கேட்டபோது அதுவும் இல்லை என்றாள். சண்டை மூண்டது, வலி திரும்பியது. பன்னிரண்டு பென்ஸ் கடனில் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் முகம் திருப்பிக்கொண்டு போயிருக்கிறார்கள். இங்கே பிரையன் டார்சி என்ற மாஜிஸ்திரேட் இருந்தார்.

டார்சி உர்சுலாவின் எட்டு வயது மகனைத் தனியே அழைத்து விசாரித்தார். அம்மாவிடம் நான்கு ஆவிகள் இருப்பதாகவும், அவை பூனையாகவும் தேரையாகவும் ஆட்டுக்குட்டியாகவும் வருமென்றும், அவற்றுக்குத் திட்டி, ஜாக் என்றெல்லாம் பெயர்கள் உண்டென்றும் அந்தப் பிள்ளை சொன்னான். பின்னர் டார்சி உர்சுலாவிடம், உண்மையை ஒப்புக்கொள்கிறவர்களுக்குச் சலுகை கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுத்தார். அவள் மண்டியிட்டு அழுது ஒப்புக்கொண்டாள். அந்த வாக்குறுதியை நம்பி மற்றவர்களின் பெயரையும் சொன்னாள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வழக்கில் சிக்கினார்கள். உர்சுலாவும் எலிசபெத் பென்னட் என்பவளும் தூக்கில் ஏற்றப்பட்டார்கள். கிரேஸ் தர்லோவின் மனத்தில் இருந்தது கசப்பு. எட்டு வயதுக் குழந்தையைத் தாய்க்கு எதிரான சாட்சியாக்கியதும், மன்னிப்பின் ஆசை காட்டி ஒப்புதல் பெற்றதும், அந்த ஒப்புதலைக் கொண்டே தூக்கிலிட்டதும் கசப்பின் வேலை இல்லை. அது ஓர் அதிகாரியின் வேலை.

எதிரணியினர் இங்கே ஓர் எண்ணிக்கையைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எசெக்ஸ், கெண்ட், சர்ரே, சசெக்ஸ், ஹெர்ட்ஃபோர்டு ஆகியவற்றை உள்ளடக்கிய சுற்று நீதிமன்றத்தில் சூனியத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 500 பேர், அவர்களில் தூக்கிலிடப்பட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர்தான். ஆகவே சட்டம் ஊராரின் வெறியைத் தடுத்து நிறுத்தியது என்பது அவர்கள் வாதம். தப்பியவர்களின் நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். விடுதலையானாலும் சிறைக் காவலருக்கான கட்டணத்தைக் கட்டாமல் வெளியே வர முடியாத காலம் அது. கோல்செஸ்டர் கோட்டைச் சிறையில் விசாரணைக்குக் காத்திருந்தபடியே காய்ச்சலில் இறந்தவர்கள் உண்டு. அவர்களை எந்தத் தீர்ப்பும் கணக்கில் கொள்வதில்லை. அதைவிட முக்கியமாக, ஐவரில் நால்வரை விட்டுவிட்ட கையே ஐந்தாமவரைத் தூக்கிலிட்டது. இங்கிலாந்து முழுவதும் தூக்கிலிடப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் பொதுவான கணிப்பு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சூனியக்காரி என்றதும் தீயில் எரிக்கப்படும் பெண்ணின் உருவமே நம்மில் பலருக்கு மனத்தில் எழுகிறது. இங்கிலாந்தில் சூனியம் சாதாரணப் பெருங்குற்றமாகக் கருதப்பட்டதால் திருடனுக்குரிய அதே கயிறுதான் இவர்களுக்கும். அந்தச் சாதாரணத்தன்மையே என்னை அதிகம் நடுங்க வைக்கிறது.

1604இல் முதலாம் ஜேம்ஸின் ஆட்சியில் சட்டம் கடுமையானது. ஒருவரின் உடலுக்குத் தீங்கு செய்தால் முதல் முறையே மரணம். அதோடு, தீய ஆவியோடு பேசுவதும், அதற்கு உணவளிப்பதும், அதை வேலைக்கு ஏவுவதுமே மரணத்துக்குரிய குற்றங்களாயின, யாருக்கும் ஒரு தீங்கும் நேராவிட்டாலும். இந்த மாற்றத்தின் பொருளை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஊர்க்காரரின் கேள்வி, என் கன்றை யார் கெடுத்தார் என்பது. சட்டத்தின் கேள்வியோ, நீ எந்த ஆவிக்குச் சோறிடுகிறாய் என்பது. முதல் கேள்விக்குக் கன்று குணமானால் விடை தேவையில்லாமல் போய்விடும். இரண்டாவது கேள்வி பூனை வளர்க்கும் தனித்த கிழவியை வாழ்நாள் முழுவதும் விடாது. உடம்பில் மச்சமோ மருவோ இருக்கிறதா, அது ஆவி பால் குடித்த இடமா என்று பெண்களை விட்டு ஆடை களைந்து தேடச் செய்ததும் இந்தக் கேள்விக்கு விடை காணத்தான்.

1612 மார்ச் 18ஆம் நாள், லங்காஷயரில் கோல்ன் என்ற ஊருக்கருகே அலிசன் டிவைஸ் என்ற ஏழை இளம்பெண், ஜான் லா என்ற தலைச்சுமை வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவர் மூட்டையை அவிழ்க்க மறுத்தார். சிறிது நேரத்தில் அவர் கீழே விழுந்தார், உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. இன்றைக்கு நாம் அதைப் பக்கவாதம் என்போம். தன் சாபம்தான் பலித்துவிட்டது என்று அலிசனே பயந்துபோனாள். அவரிடம் அழைத்துச் செல்லப்பட்டபோது மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். ஜான் லா மன்னித்தார். நடுவர் அவர்களே, பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டார்! ஊரின் வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அதன்பின் ரோஜர் நோவெல் என்ற மாஜிஸ்திரேட் விசாரணையைத் தொடங்கினார். அலிசனின் பாட்டி, தாய், சகோதரன், பகை கொண்டிருந்த இன்னொரு குடும்பம், பெரிய வெள்ளியன்று ஒரே வீட்டில் கூடியிருந்த உறவினர்கள் என்று வலை விரிந்துகொண்டே போனது. பாட்டி சிறையிலேயே இறந்தார். ஆகஸ்ட் 20ஆம் நாள் லங்காஸ்டரில் 10 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். குண்டூசி கேட்ட அலிசனும் அவர்களில் ஒருத்தி.

அந்த விசாரணையில் அலிசனின் தங்கை ஜெனட் சாட்சி சொன்னாள். அவளுக்கு ஏறத்தாழ ஒன்பது வயது. எதிரே நின்ற தாய் மகளைப் பார்த்துக் கதறியதால் தாயை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றினார்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று குழந்தையை மேசை மீது ஏற்றி நிறுத்தினார்கள். அவள் தன் தாயையும் அண்ணனையும் காட்டிக்கொடுத்தாள். வேறு வழக்குகளில் இத்தனை சிறு குழந்தையின் சொல்லை நம்பி உயிரைப் பறிப்பதற்கு நீதிபதிகள் தயங்கியிருப்பார்கள். சூனிய வழக்கில் மட்டும் குழந்தைகளையும் சாட்சியாக ஏற்கலாம் என்று, தாம் 1597இல் வெளியிட்ட நூலில் எழுதியவர் அன்றைய அரசர் ஜேம்ஸேதான். இதிலும் ஊரைக் குற்றம் சொல்ல முடியுமா?

அதே பகுதியில், 22 ஆண்டுகளுக்குப் பிறகு, 1634இல், எட்மண்ட் ராபின்சன் என்ற பத்து வயதுச் சிறுவன் வேட்டை நாய்கள் மனிதராக மாறியதைக் கண்டதாகச் சொன்னான். ஊர் நம்பியது. லங்காஸ்டரின் ஜூரிகள் ஏறத்தாழ 17 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தார்கள். ஆனால் இம்முறை நீதிபதிகள் ஐயம் கொண்டு தண்டனையை நிறுத்தி, அரசரின் அவைக்கு எழுதினார்கள். சில பெண்கள் லண்டனுக்கு அழைத்து வரப்பட்டு, இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த மருத்துவர் வில்லியம் ஹார்வியின் மேற்பார்வையில் பரிசோதிக்கப்பட்டார்கள். தந்தையிடமிருந்து பிரித்து விசாரிக்கப்பட்ட சிறுவன், மாடுகளை ஓட்டி வரத் தவறியதற்கு அடி விழுமே என்று பயந்து கட்டிய கதை அது என்று ஒப்புக்கொண்டான். ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. ஒரே மலையடிவாரம், ஒரே நம்பிக்கை, 1612இல் நடந்ததைக் கதை கதையாகக் கேட்டு வளர்ந்த அதே மக்கள். மாறியது மேலே அமர்ந்திருந்தவர்களின் மனம் மட்டுமே. அப்படியும் அந்தப் பெண்களில் சிலர் 1636இலும் சிறையிலேயே இருந்தார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், சூனியக்காரர்களைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்ட மாத்யூ ஹாப்கின்ஸின் பெயரைச் சொன்னார். உள்நாட்டுப் போரால் சட்டம் தளர்ந்தபோதுதான் 1645இல் மிகப் பெரிய வேட்டை நடந்தது, எனவே சட்டமே காவல் என்றார். அவருடைய வாதங்களில் இது வலிமையானது என்பதால் தட்டிக்கழிக்க மாட்டேன். எசெக்ஸின் மானிங்ட்ரீ ஊரில் அந்த வேட்டை தொடங்கியபோது, தையற்காரர் ஒருவர் தன் மனைவியின் நோய்க்குக் குறி கேட்கப் போனார், ஒற்றைக் காலுடைய எலிசபெத் கிளார்க் என்ற கிழவியின் மீது சந்தேகம் விழுந்தது. நூறாண்டுகளுக்கு முன்பென்றால் குறி சொல்பவள் ஒரு பரிகாரம் சொல்லி அனுப்பியிருப்பாள். இப்போது மாஜிஸ்திரேட்டுகள் அவளை இரவும் பகலும் உறங்கவிடாமல் காவலிருந்து கவனிக்க அனுமதி கொடுத்தார்கள். ஹாப்கின்ஸும் அவருடைய கூட்டாளி ஜான் ஸ்டெர்னும் அந்தக் காவலில் சேர்ந்தார்கள். சில இரவுகளில் அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு கிழக்கு மாவட்டங்களின் ஊராட்சிகள் இவர்களைப் பணம் கொடுத்து அழைத்தன. ஸ்டோமார்க்கெட் ஊர் மட்டும் 23 பவுண்டு கொடுத்தது. ஆனால் ஹாப்கின்ஸ் தன் கையால் யாரையும் கொல்லவில்லை. வழக்கமான சுற்று நீதிபதிகள் வர முடியாத இடங்களில் கூடியவையும் நீதிமன்றங்களே, அவை படித்துத் தீர்ப்பளித்தது 1604ஆம் ஆண்டின் சட்டத்தையே. ஏறத்தாழ 100 பேர் அந்தத் தீர்ப்புகளால் இறந்தார்கள். சட்டம் அங்கே தளர்ந்திருக்கவில்லை. சட்டத்தின் கூர்முனை அப்படியே இருந்தது, அதைப் பிடித்திருந்த பழகிய கை மட்டும் விலகியிருந்தது.

இதற்கு ஒரு முதியவரைச் சாட்சியாக அழைக்கிறேன். பிரான்டெஸ்டன் கிராமத்தின் ஆலயக் குரு ஜான் லோவ்ஸ், எண்பது வயதை எட்டியவர். அவரும் ஊராரும் பல பத்தாண்டுகளாக ஒருவரையொருவர் வெறுத்தார்கள், வழக்காடினார்கள். அந்த வெறுப்போடே அவர் எண்பது வயது வரை வாழ்ந்தார். 1645இல் அவரைப் பல இரவுகள் உறங்கவிடாமல், மூச்சு வாங்க வாங்க அறைக்குள் ஓடவிட்டு, மிதந்தால் சூனியக்காரர் என்ற நம்பிக்கையில் கோட்டை அகழியின் நீரில் மிதக்கவிட்டுச் சோதித்து, ஒப்புதல் பெற்றார்கள். பெரி செயின்ட் எட்மண்ட்ஸில் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்ட 18 பேரில் அவரும் ஒருவர். தமக்கான அடக்கச் சடங்கின் மன்றாட்டைத் தாமே சொல்லிக்கொண்டு அவர் இறந்தார். ஊரின் பகையால் பல பத்தாண்டுகளில் முடியாததை ஒரு நீதிமன்றம் சில வாரங்களில் முடித்தது.

போர் முடிந்து, புகழ்பெற்ற நீதிபதிகள் திரும்பி வந்த பின்னும் என்ன நடந்தது? 1662இல் அதே பெரி செயின்ட் எட்மண்ட்ஸில், நாட்டின் மிகக் கற்றறிந்த நீதிபதிகளில் ஒருவரான மாத்யூ ஹேலின் முன், லோஸ்டாஃப்ட் ஊரைச் சேர்ந்த ஆமி டென்னி, ரோஸ் கலண்டர் என்ற இரண்டு விதவைகள் நின்றார்கள். அவர்கள் தொட்டாலே துடிப்பதாகச் சொன்ன சிறுமி ஒருத்தியின் கண்களைத் துணியால் மூடி, வேறொரு பெண்ணைத் தொடவைத்துப் பார்த்தார்கள். அவள் அதேபோலத் துடித்தாள். சோதித்த கனவான்கள் திரும்பி வந்து இது வெறும் ஏமாற்று என்று நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார்கள். ஹேல் ஜூரிகளுக்கு என்ன சொன்னார் தெரியுமா? சூனியக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை, வேதம் அப்படிச் சொல்கிறது, எல்லா நாடுகளும் அதற்கு எதிராகச் சட்டங்கள் செய்திருப்பதும் அதற்குச் சான்று என்றார். ஜூரிகள் அரை மணி நேரத்தில் குற்றவாளிகள் என்றார்கள். இரு பெண்களும் கடைசிவரை எதையும் ஒப்புக்கொள்ளாமல் இறந்தார்கள். குற்றம் உண்டு என்பதற்குச் சட்டம் இருப்பதே சான்று! சட்டம் ஊராரின் அச்சத்தைப் பிரதிபலித்தது என்கிறார்கள் எதிரணியினர். இங்கே சட்டம் தன்னையே பிரதிபலித்துக்கொண்டு, தன்னையே நம்பி, இரண்டு உயிர்களை எடுத்திருக்கிறது.

1682இல் டெவனின் பிடிஃபோர்டு ஊரைச் சேர்ந்த டெம்பரன்ஸ் லாய்டு, சூசன்னா எட்வர்ட்ஸ், மேரி டிரெம்பிள்ஸ் ஆகிய மூவர் எக்ஸிட்டரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தச் சுற்றில் சென்ற நீதிபதிகளில் ஒருவரான பிரான்சிஸ் நார்த், இவர்களின் தண்டனையை நிறுத்தி வைத்தால் சூனியமே இல்லையென்று நாங்கள் மறுப்பதாக ஆகிவிடும், மக்கள் அதைப் பொறுக்க மாட்டார்கள் என்ற கருத்தில் அரசின் செயலருக்குக் கடிதம் எழுதினார். பாருங்கள், நீதிபதியே ஊருக்குப் பயந்தார் என்று எதிரணியினர் சொல்லலாம். பயந்தார், உண்மை. பயந்தவர் கையில் 1604ஆம் ஆண்டுச் சட்டம் இருந்ததால் அந்தப் பயம் மூன்று பெண்களைக் கொன்றது. பொற்கொல்லன் பொய் சொன்னான் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனாலும் ஒற்றைச் சிலம்போடு வந்தவள் நீதி கேட்டு நின்றது அரசவையில்தான்.

அடுத்த தலைமுறையில் தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் சுமார் பன்னிரண்டு சூனிய வழக்குகளை விசாரித்தார். அத்தனையிலும் விடுதலை. மந்திரத்தால் ஊசி கக்குவதாக நடித்துப் பெண்ணொருத்தியைக் குற்றம் சாட்டிய ரிச்சர்ட் ஹாத்அவே என்பவன் 1702இல் ஏமாற்றுக்காரன் என்று தண்டிக்கப்பட்டான். அந்த ஆண்டுகளில் கிராமத்துக்காரர்கள் திடீரென்று அறிவொளி பெற்றுவிடவில்லை.

1712இல் ஹெர்ட்ஃபோர்டு நீதிமன்றத்தில் வால்கர்ன் கிராமத்து ஜேன் வென்ஹாம் நின்றாள். அவளைச் சூனியக்காரி என்று ஏசிய விவசாயி மீது முதலில் புகார் கொடுத்தவளே அவள்தான். பூனை வடிவில் வந்த பேயோடு பேசினாள் என்பதே அவள் மீது எஞ்சிய குற்றச்சாட்டு. ஜூரிகள் ஆம், குற்றவாளி என்றார்கள். சட்டப்படி மரண தண்டனையை வாசித்த நீதிபதி பவெல், அதை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தார். அரசி ஆன் மன்னிப்பு அளித்தார். ஊர் அவளை மன்னிக்கவில்லை. வேறிடத்தில், ஆதரவாளர்கள் கொடுத்த குடிசையில், மேலும் 18 ஆண்டுகள் வாழ்ந்து 1730இல் அவள் இயல்பாக இறந்தாள். 1735இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், சூனியம் என்ற குற்றத்தையே ஏட்டிலிருந்து நீக்கியது. மந்திரசக்தி இருப்பதாக நடித்து ஏமாற்றினால் ஓராண்டுச் சிறை என்பது மட்டும் மிஞ்சியது.

இப்போது மோர் கேட்ட ரூத்திடம் திரும்பி வருகிறேன். 1751 ஏப்ரலில், டிரிங்கைச் சுற்றியுள்ள சந்தை ஊர்களில், இரண்டு சூனியக்காரர்களை நீரில் அமிழ்த்திச் சோதிக்கப் போகிறார்கள் என்று வெளிப்படையாகத் தண்டோரா போடப்பட்டது. ஏழையர் விடுதியில் இருந்த ரூத்தையும் அவள் கணவர் ஜானையும் காப்பாற்ற ஆலயத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். ஏப்ரல் 22ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு விடுதியை இடித்து, ஊரைக் கொளுத்துவோம் என்று மிரட்டி, அவர்களைப் பறித்துச் சென்றார்கள். ஆடை களைந்து, கை கால் கட்டைவிரல்களைப் பிணைத்து, துணியில் சுற்றிக் குளத்தில் இழுத்தார்கள். தாமஸ் காலி என்பவன் கழியால் அவளைத் தண்ணீருக்குள் தள்ளினான். பிறகு கூட்டத்தில் காசு வசூலித்தான். ரூத் இறந்தாள்.

ஊர் கொன்றது. இதை நான் மறைக்கவில்லை. ஊராரால் கொல்ல முடியும் என்பதற்கு எதிரணிக்கு இந்த ஒரு குளத்தையே சான்றாக நான் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதே ஆண்டு ஹெர்ட்ஃபோர்டு நீதிமன்றம் கூடியபோது, 39 ஆண்டுகளுக்கு முன் ஜேன் வென்ஹாம் நின்ற அதே ஊரின் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் தாமஸ் காலி. ஆகஸ்ட் 24ஆம் நாள், குதிரைப்படைக் காவலோடு அவனை அழைத்து வந்து, கொலை நடந்த இடத்துக்கருகே தூக்கிலிட்டு, உடலைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள். ஊரார் நெருங்கி வரவில்லை. தொலைவில் கூட்டமாக நின்று, ஒரு தீய கிழவியை ஒழித்ததற்காக ஒருவனைத் தூக்கிலிடுவது அநியாயம் என்று முணுமுணுத்ததாக அக்காலப் பத்திரிகை எழுதியது. எலிசபெத்தின் காலத்தில் உர்சுலா கெம்ப்பைப் பார்த்து எழுந்த முணுமுணுப்பும் இதுவேதான், ஒரு சொல்லும் மாறவில்லை. அன்று அந்த முணுமுணுப்பைக் கேட்ட மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். இங்கே, 1751இன் ஆகஸ்ட் வெயிலில், குதிரை மீதிருந்த வீரர்கள் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

தீர்ப்பைத் தங்களிடம் ஒப்படைத்து அமர்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.